யோகாவுக்கு ஐம்பது பேர்

திண்டிவனத்தில் ஒரு தனியார் லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பூவரசனுக்கு. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடமெல்லாம் "ஒண்ணும் ஆவாது, அந்தப் பக்கம் பாருங்க" என்று தைரியம் சொல்வான். அவனுக்கு அப்படிச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆண்களைத்தான் தனக்குப் பிடிக்கிறது என்று பதினாறு வயதில் தெரிந்துகொண்டவன், அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக அதை வெளியே தெரியாமல் வைத்திருப்பதை முழுநேர வேலையாகவும் ரத்தம் எடுப்பதை உபதொழிலாகவும் பார்த்துக்கொண்டிருந்தான். போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். சிரித்தால் பாதியில் நிறுத்திக்கொள்வான். தூக்கத்தில் உளறிவிடக் கூடாதே என்று வீட்டில் ஒரு நாளும் மல்லாந்து படுத்ததில்லை.

மல்லாந்து படுத்தது விழுப்புரத்துப் பூங்காவில்தான். அங்கே கலைமதி அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகா சொல்லிக்கொடுத்தாள். கலைமதி திருநங்கை. பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தாள், முறையாக யோகா படித்துச் சர்டிபிகேட்டும் வாங்கியிருந்தாள். "யாரு வேணாலும் வாங்க. பேரு கேக்கமாட்டேன், ஊரு கேக்கமாட்டேன். பாய் மட்டும் எடுத்துக்கினு வாங்க" என்று போனில் அவள் போட்ட செய்தி எப்படியோ சுற்றி பூவரசனுக்கு வந்தது. நான்கு வாரம் பூங்கா வாசல் வரை போய்விட்டுத் திரும்பினான். ஐந்தாவது வாரம் உள்ளே போனான்.

கலைமதியோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். வீட்டுக்காரரிடம் அக்கா தங்கச்சி என்று சொல்லி ஒரே அறையில் குடியிருக்கும் இரண்டு நர்சுகள், பாத்திரக்கடையில் நிற்கும் ஒரு பையன், இப்படி ஆளுக்கொரு பொய்யோடு வந்து சேர்ந்தவர்கள். பூவரசனின் பொய், கவர்மெண்ட் பரீட்சைக்குக் கோச்சிங் போகிறேன் என்பது. அதற்காகத் தடியாக ஒரு கைடு புத்தகத்தையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவான். கடைசியில் எல்லாரும் புல்லில் மல்லாந்து கண்ணை மூடும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவனுக்கு எதையும் மறைக்க வேண்டியிருக்காது. வாரத்துக்குப் பத்து நிமிஷம். அது போதுமென்றுதான் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"பர்மிஷன் இருக்குதா?"

"எதுக்குண்ணே? மூச்சு விடறதுக்கா?" என்றாள் கலைமதி.

"தனித்தனியா விட்டா வேணாம். ஏழு பேரு ஒண்ணா விட்டா அது நிகழ்ச்சி. எழுதிக் குடுத்து வாங்கிக்கினு வாங்க."

ஆக, மனு எழுதவேண்டி வந்தது. பூவரசனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'பால்புதுமையினர் அனைவரையும் உள்ளடக்கிய திறந்தவெளி யோகா வகுப்பு' என்று, தங்களைப் போன்ற எல்லாருக்குமான அந்தப் புதுச் சொல்லோடு தொடங்கி எழுதும்போதே விரல் வியர்த்து மை பரவியது. கலைமதி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அவளுக்கு அவசரமான கல்யாண பிளவுஸ் வேலை இருந்ததால், லேப்பில் லீவு சொல்லிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு பூவரசன் தலையில் விழுந்தது.

மாவட்ட உள்ளடக்க நல்வாழ்வு ஒருங்கிணைப்பு மையம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால் மடக்கி இரண்டு சுவர்களில் எழுதியிருந்தார்கள். மனுவை வாங்கிப் படித்த எழுத்தர் மலர்விழி, முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

"பால்... புதுமையா? பசும்பாலா, எருமப்பாலா?"

பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். விளக்கிச் சொன்னால் எட்டுப் பேரும் கேட்பார்கள். பூவரசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரெண்டுந்தான் மேடம்" என்றான்.

"அதைச் சொல்லவேண்டியதுதானே." மலர்விழி மேலே குறிப்பெழுதி, பால் கொள்முதல் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் காகிதக் கட்டுக்குள் மனுவைச் செருகினார். "கொண்டுவந்தவர் பேரு, தகப்பனார் பேரு, ஊரு, போன் நம்பர் எழுதுங்க."

"மனு என்னுது இல்ல மேடம்..."

"யாருது வேணா இருக்கட்டும். யாராவது ஒருத்தர் மாட்டணும் இல்லியா?"

மயிலத்துக்குப் பக்கத்தில், கூட்டேரிப்பட்டில் பஸ் இறங்கிப் போகவேண்டிய தன் ஊர்ப் பெயரையும், சீனுவாசன் மகன் பூவரசன் என்பதையும் அவனே தன் முத்தான கையெழுத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான்.

பன்னிரண்டு நாளில் மனு திரும்பி வந்தது. 'மேற்படி பாலின் கொழுப்புச் சத்து விகிதம் குறிப்பிடப்படாததால் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை' என்று அதில் எழுதியிருந்தது. அது அத்தோடு ஒழிந்திருந்தால் பூவரசன் அந்த அலுவலகத்துக்கு ஆயுசுக்கும் நன்றியோடு இருந்திருப்பான். ஆனால் திரும்பி வந்த தாள் ஒருங்கிணைப்பு அலுவலர் கோதண்டபாணியின் மேசைக்குப் போனது. அவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது மட்டுமல்ல, ஒரு வருஷமாக அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

பூவரசன் ஓர் அம்மாவின் கையில் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் பக்கத்தில் இருந்தவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"பூவரசன்தானே? நீங்க அவரு தானே?" என்றது குரல்.

"எவரு சார்?"

"ரகசியம் தம்பி, போன்ல சொல்லக் கூடாது. நேர்ல வாங்க. வரலன்னா ஜீப் அனுப்புறேன், வீட்டுக்கே வந்து கூட்டிக்கினு வரும்."

அந்த அம்மா, "தம்பி, ஊசி உள்ளயே இருக்குது" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கோதண்டபாணி எழுந்து நின்று கை கொடுத்தார். பூவரசனை உட்காரவைத்து, தலை முதல் கால் வரை, நல்ல நாளில் கிடைத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தம்பி, போன வருஷம் ஏழாவது காலத்துல, அதான் உங்க ஆளுங்களுக்கான கட்டத்துல, பூஜ்யம்னு போட்டு ரிப்போர்ட் அனுப்பினேன். நம்ம மாவட்டத்துல அப்படி ஒருத்தர்கூட கிடையாது, கட்டுப்பாடான மாவட்டம்னு பெருமையா எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. இந்த வருஷம் என்னடான்னா, உள்ளடக்கம்ங்கிறாங்க. ஐம்பது பேரைக் காட்டுங்கிறாங்க. நான் எங்க போவேன்? தானா வந்து சேர்ந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும். நான் மனசு விசாலமான ஆளு தம்பி. உங்களை மாதிரி ஆளுங்களை நான் மனுஷனாத்தான் நெனைக்கிறேன். என் பொண்டாட்டிகிட்டகூட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"சார், எங்களுக்குப் பார்க்குல புல்லு மேல படுக்க பர்மிஷன் குடுத்தா போதும்."

"பார்க்கா? மைதானம் குடுக்கிறேன். மேடை, மைக்கு, பேனர். சென்னையிலேர்ந்து இயக்குநர் மேடமே வர்றாங்க."

பூவரசன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். அட்டையில் 'மிக மிக இரகசியம்' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மற்ற பதிவேடுகளோடு கலந்து காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அதை வாசலில் விசாரணை மேசையில்தான் வைத்திருந்தார்கள். காத்திருப்பவர்கள் பொழுதுபோகாமல் புரட்டிப் புரட்டி மூலைகள் மடங்கியிருந்தன. உள்ளே மொத்தம் பதினான்கு காலம். பெயர், தகப்பனார் பெயர், ஒட்டவேண்டிய போட்டோ, 'எப்போதிலிருந்து', 'வீட்டுக்குத் தெரியாது என்பதற்கு ஆதாரம்'. ஜீப் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்துக்கொண்டே பூவரசன் எழுதினான்.

அடுத்த வாரம் அவன் ஊருக்கு நேரடி ஆய்வுக்கு ஆள் வந்தார். டீக்கடையில் நின்று, "சீனுவாசன் மகன் பூவரசன் எப்படிப்பட்ட ஆளு? இது ரகசிய விசாரணை, யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்று இருக்கிற அத்தனை பேரிடமும் கேட்டார். ஊர் யோசித்தது. இரண்டு வருஷமாகப் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான், இப்போது ரகசிய விசாரணைக்கு ஆள் வருகிறது. வேறென்ன? வேலை கிடைத்துவிட்டது!

அன்று சாயங்காலம் பூவரசன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் அம்மா தையல்நாயகி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த டிபார்ட்மெண்ட்டுடா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னும்... சொல்லலக்கா. ரகசியம்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சீனுவாசன் மட்டும் சிரிக்கவில்லை. கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் காணியில் போட்ட மல்லாட்டைக் கடலைக்கு மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிற பார்வை. அதில் கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. பூவரசன் கேசரியைத் தொடாமல் தட்டைக் கீழே வைத்தான். யாரோ எதையோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள் என்று மூன்று ராத்திரி நினைத்தான். நாலாவது நாள் கோதண்டபாணியின் காலில் விழாத குறையாகப் போய் நின்றான்.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

"விலகறதா? தம்பி, நீங்க விலகினா காலம் மறுபடி பூஜ்யம் ஆயிடும். உங்க சிநேகிதங்க அஞ்சு பேரும் பேரு குடுக்கமாட்டேங்கிறாங்க. கையில இருக்கிற ஒரே ஒரிஜினல் நீங்கதான்."

"வெளிய தெரிஞ்சா நான் உயிரோட இருக்கமுடியாது சார்."

"எதுக்குப் பயம்? உங்க ரகசியத்துக்கு நான் ஜவாப்தாரி. பேனர்ல உங்க போட்டோவுக்குக் கண்ணு மேல கறுப்புப் பட்டை போடச் சொல்லியிருக்கேன்."

"கீழ பேரு போடமாட்டீங்களே சார்?"

"பேரு போடாம எப்படி? யாருன்னு தெரியவேணாமா?"

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. பூவரசன் விடியற்காலையிலேயே விழுப்புரம் வந்து சேர்ந்தான். வராமல் இருந்தால் ஜீப், வந்தால் பேனர். பேனரில் கண்ணாவது மறைந்திருக்கும், ஜீப்போ ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வரும் என்று கணக்குப் போட்டிருந்தான். மைதான வாசலில் கலைமதியும் மற்ற ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நர்சுகள் இருவரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். பாத்திரக்கடைப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.

"மூச்ச இழுத்து விடு பூவு" என்றாள் கலைமதி. "நான் இருக்கேன்ல."

அவளும் கூடவே இழுத்து விட்டுக்கொண்டாள்.

பேனர் நாற்பதடி இருந்தது. பூவரசன் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தான். இயக்குநர், துணை இயக்குநர், ஒருங்கிணைப்பு அலுவலர், அவர்களை வரவேற்கும் அலுவலர்கள், வரவேற்பவர்களை வாழ்த்தும் அலுவலர்கள் என்று முகங்கள் சேர்ந்துகொண்டே போனதில் அவன் போட்டோவுக்கு இடமில்லாமல் போயிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு அதிகாரிகள் மேல் பிரியம் வந்தது.

பிறகு வேன்கள் வந்தன. ஐம்பது பேர் வேண்டுமே! முதல் வேனில் பென்ஷன் மனுவுக்காகக் காத்திருந்த கிழவர்கள். இரண்டாவதில் நகரத்தைப் பெருக்குகிற பெண்கள். மூன்றாவது வேனில், இன்றைக்கு அட்டனென்ஸ் இங்கேதான் எடுப்போம் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட நூறு நாள் வேலை ஆட்கள். இறங்கிய ஒவ்வொருவர் சட்டையிலும் மலர்விழி வானவில் கலரில் ஒரு பேட்ஜைக் குத்தினார். அந்த மூன்றாவது வேனிலிருந்து ஏழாவது ஆளாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேட்ஜுக்கு நெஞ்சைக் காட்டி நின்றவர் சீனுவாசன்.

பூவரசன் கலைமதியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அதற்குள் அப்பா அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அறிமுகமில்லாத ஆளிடமிருந்து திரும்புவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஐந்தாவது வரிசையில் பாய் மேல் உட்கார்ந்தார்.

யோகாவுக்கு முன்னால் வரவேற்புரை. அதற்கு முன்னால் வரவேற்புரைக்கு வரவேற்பு. கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். "யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதே நமது கொள்கை. எனவே இந்த மக்களை நாம் தனியாக அழைத்து, தனியாக உட்காரவைத்து, தனியாக அடையாளம் காட்டி, எல்லோரோடும் சேர்த்திருக்கிறோம். இவர்களைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். நான் சுளிக்கவில்லை. பழகிவிட்டது!" அதிகாரிகள் கைதட்டினார்கள். யோகா என்பது எல்லாரும் கையைத் தூக்குவதாக இருந்தது. கேமராக்காரருக்கு வெளிச்சம் சரியாக விழும் வரை தூக்கிய கை இறங்கக் கூடாது. துப்புரவுப் பெண்கள் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். சொல்லிக்கொடுக்க வந்த கலைமதியை நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தார்கள்.

இயக்குநர் மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"ஐம்பது பேர்னு பட்டியல் குடுத்திருக்கீங்க. சந்தோஷம். இவங்கள்ல ஒருத்தர் வந்து தன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசட்டும். வீடியோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பணும். இல்லன்னா ஐம்பதும் போலின்னு எழுதிடுவாங்க."

 கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கலைமதி சட்டென்று முன்னால் வந்தாள்.

"நான் பேசுறேன் மேடம்."

மேடம் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீங்க திருநங்கைம்மா. உங்க காலம் ஆறாவது. அது போன வருஷமே நிரம்பிடுச்சு. இப்ப ஏழாவதுதான் காலியா இருக்கு. நீங்க உக்காருங்க."

கோதண்டபாணியின் கண் கூட்டத்தைத் துழாவிப் பூவரசனிடம் வந்து நின்றது. அவர் ரகசியப் பதிவேட்டைப் பிரித்து மைக்கை நெருங்கினார்.

"பூவரசன், தகப்பனார் பெயர் சீனுவாசன், மேடைக்கு வரவும்!"

நான்கு ஸ்பீக்கரிலும் அது கேட்டது.  அப்பாவோடு வேனில் வந்திருந்த ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள். பூவரசன் கடைசி வரிசைப் பாயிலிருந்து பாதி எழுந்தான்.  இதோ, இந்த நிமிஷத்துக்குத்தான் பதினைந்து வருஷமாகப் பயந்தான். அது இவ்வளவு வெயிலில், இவ்வளவு சத்தமாக வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

"நான் வர்றேங்க" என்று ஒரு குரல் கேட்டது.

ஐந்தாவது வரிசையில் சீனுவாசன் எழுந்து நின்றார். மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். யாரும் தடுப்பதற்கு முன்னால் மேடை ஏறிவிட்டார்.

"நீங்க யாரு பெரியவரே?" என்றார் மேடம்.

"நாந்தாங்க அது. சீனுவாசன். லிஸ்ட்டுல பேரு இருக்குதே."

கோதண்டபாணி பதறிப் புரட்டினார். வேனில் வந்த அத்தனை பேரையும் முந்தின நாளே எழுதி வைத்திருந்தார்கள். "இருக்கு மேடம், நாற்பத்தி ரெண்டாவது பேரு!"

மேடத்தின் குரல் கனிந்தது. "எப்பலேர்ந்துங்க ஐயா?"

"பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தாங்க. நடுவுல வந்தது இல்ல."

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

சீனுவாசன் மைக்கை இதற்கு முன்னால் பிடித்ததில்லை. மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கஷ்டம்னா பயம்தாங்க. சோறு துன்னும்போதுகூட தலை நிமிர்றது இல்ல. போன் அடிச்சா எழுந்து வெளிய ஓடுறது. சிரிப்பு வந்தா பாதியில முழுங்கிடுறது. ஞாயித்துக்கெழம ஆனா பொய்யச் சொல்லிட்டு, தலகாணி மாதிரி ஒரு புத்தகத்தத் தூக்கிக்கினு பஸ் ஏறுறது. அந்தப் புத்தகத்த ஒரு நாளு பிரிச்சுப் பாத்தேங்க. ஒரு பக்கங்கூட மடங்கல."

பூவரசன் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்குத் தெரியுமா ஐயா?" என்றார் மேடம்.

"தெரியுங்க. ரொம்ப நாளாத் தெரியும். எப்பிடிக் கேக்குறதுன்னுதான் தெரியல. கேட்டா எங்கனா ஓடிடுவானோன்னு வீட்டுல இருக்கிறவங்களுக்கும் பயம்தாங்க."

ஓடிடுவேனோ என்று சொல்லாமல் ஓடிடுவானோ என்று அவர் சொன்னதை மேடையில் யாரும் கவனிக்கவில்லை. மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கேமராக்காரர் அதை இன்னொரு முறை துடைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

"இந்த வயசுல என்ன தைரியம்! கோதண்டபாணி, இவரையே மாவட்டத் தூதுவரா அறிவிச்சிடுங்க."

'பால்புதுமையினர் மாவட்டத் தூதுவர்' என்று பேனா மையில் அவசரமாக எழுதிய வானவில் பட்டுப் பட்டை சீனுவாசன் தோளில் விழுந்தது. கோதண்டபாணி ரிப்போர்ட்டின் ஏழாவது காலத்தில் ஐம்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். ஊர்க்காரர்களுக்கு நடந்தது விளங்கவில்லை. சீனுவாசனுக்கு ஏதோ பதவி கிடைத்திருக்கிறது, மகனுக்கு வேலை, அப்பனுக்குப் பதவி, கொடுத்துவைத்த குடும்பம் என்று பேசிக்கொண்டே சாம்பார் சாதப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

கலைமதி கோதண்டபாணியை வழிமறித்தாள். "சார், அந்தப் பார்க்குக்கு பர்மிஷன்?"

"அதான் நிகழ்ச்சி நடந்துடுச்சேம்மா. இந்த வருஷத்துக்கு எல்லாரையும் உள்ளடக்கியாச்சு. இனிமே அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அப்ப நாளைக்குக் காலையில?"

"தனித்தனியா மூச்சு விட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

பஸ் நிறுத்தத்துக்கு அப்பா முன்னாலும் மகன் பத்தடி பின்னாலுமாக நடந்தார்கள்.  அப்பா என்ன சொல்லப்போகிறார், எப்போது சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தான்.  எதிரே வந்தவர்கள் அவர் தோளில் இருந்த பட்டையை நின்று பார்த்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் அதை வாய்விட்டுப் படித்தார்கள்.

பூவரசன் ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்தான். "அதக் கழட்டுப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

சீனுவாசன் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். நல்ல துணி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதை உதறித் தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டார். எழுத்து சரியாக நெற்றிக்கு மேலே வந்தது.

"உனக்கும் வெயிலடிக்குது, ஓரமா வா" என்றார்.

திண்டிவனம் பஸ் வந்தது. கண்டக்டர் முண்டாசையும் கலரையும் பார்த்துச் சிரித்தார்.

"என்னா பெரியவரே, எந்தக் கட்சி?"

 சீனுவாசன் ஜன்னலோரத்தில் மகனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, வழிப்பக்கம் தான் உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக் கட்சி" என்றார். "கூட்டேரிப்பட்டு ரெண்டு குடு."